மாடிக்கு வைஃபை ஏற எந்த ரவுட்டர் வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. ஆனையூரில் கீழும் மேலுமாக வீடு. ஃபைபர் கம்பெனிக்காரர்கள் தந்த பாக்ஸ் கீழே வாசல் அறையில், டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. 100 எம்பி பிளான். கீழே அப்பா அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. மாடி அறையில் உட்கார்ந்து நீங்கள் ஆபீஸ் வேலை பார்க்கும்போது மீட்டிங்கில் குரல் உடைகிறது, சில நேரம் படம் அப்படியே நின்றுவிடுகிறது. 3,000 ரூபாய்க்குள் நம்பி வாங்கக்கூடிய ரவுட்டர் எது, ஆறு ஆன்டெனா வைத்த ஒன்றை ஆன்லைனில் பார்த்தீர்கள், அதை எடுக்கலாமா என்பது கேள்வி. மாடல் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், கீழே நன்றாக இருக்கும் சிக்னலை ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டி எப்படி மேலே கொண்டுபோவது என்பதைப் பார்க்கவேண்டும். உங்களுக்கு உண்மையில் வேண்டியது அதுதான்.

நான் பதினேழு வருஷமாக மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறேன். டெலிபோன் வயரில் பிராட்பேண்ட் வந்த காலத்து மோடத்தில் தொடங்கி இன்றைய ஃபைபர் வரைக்கும் கை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டை நேரில் பார்க்கவில்லை. அதனால் எல்லா வீட்டுக்கும் பொருந்துவது எது, உங்கள் வீட்டைப் பற்றி நான் ஊகிப்பது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

காசு செலவழிக்கும் முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே போய், லேன் கேபிளால் அந்தப் பாக்ஸில் நேராகச் சொருகி ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். 90-க்கு மேல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. அப்புறம் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பாக்ஸுக்கு இரண்டு மூன்றடி தள்ளி உட்கார்ந்து வைஃபையில் ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்கள். அங்கேயும் குரல் உடைந்தால் கோளாறு மாடித் தளத்தில் இல்லை, லைனிலோ பாக்ஸிலோ இருக்கிறது. அது கம்பெனியைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டிய விஷயம். பாக்ஸின் செட்டிங்ஸ் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு என்று ஒரு எண் இருக்கும். அது மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐ நெருங்கினால் லைன் நோஞ்சானாக இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஃபைபரை ஆணியில் சுற்றி டையால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், இல்லையென்றால் ஜன்னல் கதவு இடுக்கில் அது நசுங்கிக் கொண்டிருக்கும். கண்ணாடி இழை என்பதால் சுருக்கென்று வளைத்தால் அந்த இடத்திலேயே ஒளி வெளியே கசிந்துவிடும்.

கீழே எல்லாம் சரி என்றால், ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுக்கொண்டு மெதுவாக மாடி ஏறுங்கள். சிக்னலின் பலத்தை மைனஸில் ஓர் எண்ணாகக் காட்டும். பாக்ஸ் பக்கத்தில் மைனஸ் 40, 45 இருக்கும். மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும். 75-ஐத் தாண்டினால் தடுமாற ஆரம்பிக்கும், 80-க்கு மேல் போனால் வாட்ஸ்அப் செய்திகூடச் சுற்றிக்கொண்டு நிற்கும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது மைனஸ் 50 இருந்த இடத்திலிருந்து மைனஸ் 80 இருக்கும் இடத்துக்கு வந்தால், வந்து சேர்வது ஆயிரத்தில் ஒரு பங்குதான். போனில் தெரியும் கோடுகளில் இரண்டு குறைந்திருப்பதாக மட்டும் தெரிவதால் இது எவ்வளவு பெரிய வீழ்ச்சி என்று பலருக்கும் உறைப்பதில்லை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், முன்பக்கம் கடை, பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. இரண்டு வருஷத்தில் மூன்று ரவுட்டர் மாற்றியிருந்தார்கள், மூன்றாவது 6,000 ரூபாய்க்கு மேல். அடுப்படி பக்கத்து அறையில் காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு மட்டும் நெட் வரவே இல்லை. போனை வைத்து நடந்து பார்த்தேன். கடையில் மைனஸ் 43. நடு அறைக்குள் நுழைந்ததும் மைனஸ் 62. அந்த அறையின் சுவரோடு ஆளுயரக் கண்ணாடி பதித்த ஒரு இரும்பு பீரோ நிற்கிறது. அதைத் தாண்டிய அடுத்த அடியில் மைனஸ் 78. சுவர் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம். கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கும் ரசமும் உலோகம், பீரோவும் உலோகம். வைஃபைக்கு அதற்குமேல் போக வழி இல்லை. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்லி, பரணில் கிடந்த அவர்களுடைய முதல் ரவுட்டரையே தூசி தட்டி எடுத்து, கடையிலிருந்து 22 மீட்டர் லேன் கேபிள் இழுத்து அந்த அறையில் வைத்தேன். அதோடு தீர்ந்தது. அந்த அம்மா மூன்று ரவுட்டருக்குக் கொடுத்த காசை எண்ணிப் பார்த்து அமைதியாக நின்றது இன்னும் என் மனசில் இருக்கிறது. இதை இவ்வளவு நீளமாக எழுதுவதே இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக்கூடாது என்பதால்தான்.

உங்கள் வீட்டில் பழைய காரைச் சுவர் இருக்காது. ஆனால் கீழுக்கும் மேலுக்கும் நடுவில் ஐந்தாறு அங்குல கான்கிரீட் தளம், அதற்குள் பின்னிப் பின்னி முறுக்குக் கம்பி, மேலே டைல்ஸ் அல்லது கிரானைட் இருக்கும். வாசல் அறையிலிருந்து மாடியின் பின்பக்க அறைக்குச் சிக்னல் சாய்வாகப் போகிறது என்றால் தளத்தோடு இரண்டு சுவரையும் தாண்டவேண்டும். தளம் சிக்னலைக் குறைக்கும் என்பது உறுதி. உங்கள் வீட்டில் அதுதான் முழுக் காரணம் என்பது என் ஊகம், நீங்கள் எடுக்கும் எண்கள்தான் அதை உறுதி செய்யும்.

ஊகம் சரியாக இருந்தால், பணம் செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். டிவிக்குப் பின்னால் இருக்கும் பாக்ஸை வெளியே எடுத்து, மாடிப்படி தொடங்கும் இடத்தில் தலையுயரத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள். படிக்கட்டுக்காகத் தளத்தில் விட்டிருக்கும் திறப்பு வழியாகச் சிக்னல் மேலே ஏறும். உள்ளே இருக்கும் ஃபைபர் அவ்வளவு தூரம் எட்டாது என்றால், இடம் மாற்றித்தரும்படி கம்பெனி ஆளைக் கேளுங்கள், சில நூறு ரூபாய் வாங்குவார்கள். ஃபைபரை நீங்களே இழுத்துப் பார்க்காதீர்கள். இது ஒன்றிலேயே சரியான வீடுகள் நிறைய உண்டு. வைஃபை பாக்ஸை மூலையில், டிவிக்குப் பின்னால், மீன்தொட்டிப் பக்கத்தில், மூடிய ஷோகேஸுக்குள் வைக்கவே கூடாது. நம்மூரில் அது அழகாக மறைந்திருக்க வேண்டும் என்று அந்த இடங்களில்தான் கொண்டுபோய் வைக்கிறோம்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் பாக்ஸ் இரண்டு பெயரில் வைஃபை காட்டுகிறதா? ஒன்று வெறும் பெயர், இன்னொன்று கடைசியில் 5ஜி என்று முடியும். இந்த 5ஜிக்கும் செல்போன் 5ஜிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, மற்றது 2.4 ஜிகாஹெர்ட்ஸ். 5-இல் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். 2.4 சுவரைத் தாண்டி எட்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். இந்த 2.4-இல் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். வரிசை வீடுகள் நெருங்கிய தெருவில் அனலைசர் ஆப்பைத் திறந்தால் இருபது முப்பது வீட்டு வைஃபை அந்த மூன்றில்தான் முண்டிக்கொண்டிருக்கும். புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமும் அந்த அலைவரிசையில்தான் இரைச்சல் போடுகின்றன. மாடியில் உங்கள் லேப்டாப் 5-ஐ எட்டமுடியாமல் 2.4-க்கு இறங்கி, அங்கே அக்கம்பக்கத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு தவிக்கிறது என்று நினைக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மோசமாகவும் விடியற்காலையில் நன்றாகவும் இருந்தால் இந்த ஊகம் சரி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஆறு ஆன்டெனாவுக்கு வருகிறேன். அதை வாங்கிக் கீழே பாக்ஸ் இருக்கும் இடத்திலேயே வைப்பதாக இருந்தால் வாங்காதீர்கள். ரவுட்டர் எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பதற்கு அரசின் வரம்பு இருக்கிறது, ஆன்டெனாவைக் கூட்டி வைத்து அதைத் தாண்டமுடியாது. அதோடு இது ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் உரக்கப் பேசினாலும், மாடியிலிருந்து உங்கள் லேப்டாப்பும் போனும் பதில் சொல்லவேண்டும். அவற்றுக்குள் இருக்கும் ஆன்டெனா சின்னது, சக்தியும் குறைவு. மீட்டிங்கில் நீங்கள் பேசுவது மற்றவர்களுக்கு உடைந்து கேட்டு, அவர்கள் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆன்டெனா எண்ணிக்கை ஒரே நேரத்தில் பல சாதனங்களைச் சமாளிப்பதிலும் வேகத்திலும் கொஞ்சம் உதவும். தளத்தைத் துளைக்க உதவாது.

அதனால் நான் சொல்வது, ஒரே இடத்தில் விலை கூடிய ஒன்று வைப்பதைவிட, கீழே இருக்கும் பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு, மாடியில் சாதாரண ரவுட்டர் ஒன்றை வைத்து, இரண்டையும் லேன் கேபிளால் இணையுங்கள். கான்கிரீட்டைத் தாண்டும் வேலையைக் கம்பி செய்யட்டும், அறைக்குள் சுற்றும் வேலையை வைஃபை செய்யட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நான் போட்ட எந்த மாடி வீட்டிலும் இது தவறியதில்லை. கடையில் வாங்கும் சாதாரண ரவுட்டரில் ஃபைபர் சொருகும் துளை இருக்காது, ஃபைபரை வாங்கி மின் சிக்னலாக மாற்றுவது கம்பெனி பாக்ஸின் வேலை. அதனால் அந்தப் பாக்ஸ் எப்படியும் இருந்தாக வேண்டும். இது தெரியாமல் ரவுட்டரை வாங்கிவந்து, ஃபைபரைக் கையில் வைத்துக்கொண்டு துளையைத் தேடியவர்கள் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கேட் 6 என்ற தரம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்டது பாதி விலைக்குக் கிடைக்கும். நுனியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், நான்கு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். வீட்டுக்கு வெளியே சுவரோடு ஏற்றுவதாக இருந்தால் வெளிப்புறத்துக்கு என்று வரும் கறுப்பு உறைக் கேபிளையே போடுங்கள். சாம்பல் நிற உட்புறக் கேபிள் மதுரை வெயிலில் இரண்டு சித்திரை தாங்காது, உறை வெடித்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். பிவிசி பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோனால் அணிலும் எலியும் கடிக்காது. கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே சேர்த்துத் திணிக்கச் சொல்லாதீர்கள், எலக்ட்ரீஷியன் சொன்னாலும் வேண்டாம். 100 மீட்டர் வரைக்கும் ஒரே கேபிள் போகலாம், உங்களுக்கு 15, 20 மீட்டர் போதும்.

மாடி ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடவேண்டும், அதாவது தனி நெட்வொர்க் உருவாக்காமல் கீழ்ப் பாக்ஸ் தரும் நெட்டை வைஃபையாகப் பரப்ப மட்டும் வேண்டும். இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் செட்டிங்ஸில் அந்தப் பெயரிலேயே இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய ரவுட்டரில் அது இல்லையென்றால், அதன் முகவரியைக் கீழ்ப் பாக்ஸோடு மோதாத வேறொன்றாக மாற்றி, முகவரி பங்கிடும் டிஹெச்சிபி வேலையை அணைத்துவிட்டு, கேபிளை வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வான் (WAN) போர்ட்டில் சொருகாமல் சாதாரண லேன் போர்ட்டில் சொருகுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் நெட் வரும், ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே இருக்கும் பிரின்டரும் சிசிடிவியும் மாடி லேப்டாப்புக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வையுங்கள். 2.4-இல் கீழே சேனல் 1, மேலே 11 என்று பிரித்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். எந்த வைஃபையோடு ஒட்டிக்கொள்வது என்று முடிவுசெய்வது போன்தான். நீங்கள் கீழிருந்து மாடி ஏறியும் அது சில நிமிஷம் கீழ்ப் பாக்ஸையே பிடித்துத் தொங்கும். ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. காலில் நடந்துகொண்டே பேசுகிறவர் என்றால் மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டியாக வருவதை வாங்கலாம், கைமாற்றம் அதில் நளினமாக நடக்கும். ஆனால் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும், அதையும் கேபிளில் இணைத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும், ஆயிரம் ரூபாய்க்கு வரும் எக்ஸ்டெண்டரை, கேபிள் போடவே வழியில்லாத வாடகை வீட்டுக்கு மட்டும்தான் சொல்வேன். வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலையில் மாற்றி மாற்றிச் செய்யும் வகை எக்ஸ்டெண்டரில் வேகம் பாதியாகிவிடும். சிக்னல் செத்துப்போன அறையில் சொருகினால் அது செத்த சிக்னலைத்தான் நீட்டிக்கும். படிக்கட்டுப் பாதி வழியில் சொருகினால் ஓரளவு உதவும்.

சரி, எதை வாங்குவது? பெட்டியில் ஏசி 1200 என்று போட்டிருந்தால் 2.4-இல் 300, 5-இல் 867 மெகாபிட் என்று இரண்டையும் கூட்டிப் பெரிதாகச் சொல்கிறார்கள். ஏஎக்ஸ் 1500 என்றால் 300-ம் 1,201-ம். இவை ஆய்வுக்கூடக் கணக்கு, வீட்டில் அதில் பாதி வந்தாலே நல்லது. ஏசி என்பது வைஃபை 5, ஏஎக்ஸ் என்பது வைஃபை 6. இந்த எண்களைவிட நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்து லேன் போர்ட்டை. விலை குறைந்த பல மாடல்களில் வைஃபை 867 ஓடும், போர்ட்டோ 100 மெகாபிட்டில் நிற்கும். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50 அப்படிப்பட்டது. அதே கம்பெனியின் ஆர்ச்சர் சி6-இல் போர்ட் ஜிகாபிட். உங்கள் 100 எம்பி பிளானுக்கு 100 போர்ட்டும் போதும், 94 வரைக்கும் காட்டும். நாளைக்கே 200 பிளானுக்கு மாறினால் அந்த 94-இலேயே நிற்கும். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான், அதனால் ஜிகாபிட் போர்ட் உள்ளதையே எடுங்கள். நான் கடைசியாக விசாரித்தவரை ஜிகாபிட் போர்ட் உள்ள ஏசி 1200 வகை 2,500 ரூபாயை ஒட்டியும், வைஃபை 6 உள்ள ஏஎக்ஸ் 1500 வகை 3,000 ரூபாயை ஒட்டியும் கிடைக்கின்றன, விலை மாதத்துக்கு மாதம் நகரும். உங்கள் லேப்டாப் வைஃபை 6 என்றால் இரண்டாவது, இல்லையென்றால் சி6 போன்ற முதலாவதே தாராளம். ஒரு வீடியோ காலுக்கு 4 மெகாபிட் இருந்தால் போதும், உங்களுக்கு வேகத்தைவிட விட்டுவிட்டு வராத நிலையான சிக்னல்தான் முக்கியம். வைஃபை 7-க்கு இப்போது காசு கொட்ட வேண்டாம்.

நம்பிக்கை என்று கேட்டீர்கள். பிராண்டைவிட அதை நீங்கள் வைக்கும் இடமும் அதற்குப் போகும் கரண்டும்தான் ரவுட்டரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பது என் அனுபவம். பல ரவுட்டர்களின் விவரத் தாளில் 0 முதல் 40 டிகிரி வரை வேலை செய்யும் என்று போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் நிழலிலேயே 40-ஐத் தொடுகிறது. உங்கள் மாடி அறைக்கு மேலே மொட்டைமாடி என்றால் மத்தியானம் கூரையை ஒட்டி அதற்கும் மேல் போகும். அதனால் மாடி ரவுட்டரைக் கூரைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டாமல், மேசை உயரத்தில் நாலு பக்கமும் காற்றுப் போகிற மாதிரி வையுங்கள். கீழே பாக்ஸை உயரத்தில் வைக்கச் சொன்னது சிக்னலுக்காக, இங்கே தாழ வைக்கச் சொல்வது சூட்டுக்காக. செட்டாப் பாக்ஸ் மேல் அடுக்குவது, தூசி படும் என்று துணி போட்டு மூடுவது இரண்டும் வேண்டாம்.

ரவுட்டர் போய்விட்டது என்று என்னிடம் கொண்டுவருவதில் கணிசமானவற்றில் ரவுட்டர் நன்றாக இருக்கும், அடாப்டர்தான் போயிருக்கும். சூட்டிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் அதற்குள் இருக்கும் கப்பாசிட்டர் உப்பிவிடும். லைட் எரியும், ஆனால் நாலு பேர் சேர்ந்து பயன்படுத்தும்போது ரவுட்டர் தானாக அணைந்து மறுபடி வரும். புது அடாப்டர் 200, 300 ரூபாய். பழையதில் போட்டிருக்கும் வோல்ட் அப்படியே இருக்கவேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதிகமாகவோ இருக்கலாம். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் சொருகி எரித்தவர்கள் உண்டு, பின் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மினி யுபிஎஸ் வாங்கும்போதும் இதே எச்சரிக்கை. வேலைக்கு அது தேவை, கீழ்ப் பாக்ஸுக்கு ஒன்று, மேல் ரவுட்டருக்கு ஒன்று. ஃபைபர் வழியில் கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் கரண்ட் இல்லாமலே வேலை செய்வதால் தெருவில் கரண்ட் போனாலும் லைன் பெரும்பாலும் இருக்கும். ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாளில் மினி யுபிஎஸ் முழு நேரமும் தாங்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் கொடுத்துவிடுங்கள்.

இடியையும் மறக்கவேண்டாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில், என் வீட்டுக்கு ஒரு கேபிள் ஆபரேட்டர் கம்பத்திலிருந்து நேராக லேன் கேபிளில் நெட் கொடுத்திருந்தார். ஐப்பசியில் ஒரு ராத்திரி பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது, விடிந்து பார்த்தால் ரவுட்டரில் எல்லா லைட்டும் எரிகிறது, நெட் வந்து சேரும் வான் போர்ட் மட்டும் செத்துக் கிடக்கிறது. கரண்ட் பிளக்கைப் பிடுங்கியிருந்தேன், லேன் கேபிளைப் பிடுங்கவில்லை. ஃபைபர் கண்ணாடி என்பதால் அதன் இழை வழியாகக் கரண்ட் வராது, ஆனால் தெருவில் தாங்கிப் பிடிக்க அதோடு ஓர் இரும்புக் கம்பி வரும், அதை வீட்டுக்கு வெளியேயே வெட்டிக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் கீழிருந்து மேலே வெளிச்சுவரில் லேன் கேபிள் ஏற்றினால், பலத்த இடி நேரத்தில் அதன் இரண்டு முனையையும் கரண்ட் பிளக்கையும் சேர்த்தே கழற்றுங்கள். வீட்டுக்குள் படிக்கட்டு வழியாகவே கேபிளைக் கொண்டுபோக முடிந்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

கடைசியாகப் பாதுகாப்பு. நம் பக்கத்தில் நெட் போட வரும் பையன் வீட்டுக்காரரின் செல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போய்விடுவான், யாரும் மாற்றுவதில்லை. தெருவில் உங்கள் நம்பர் தெரிந்த எல்லாருக்கும் வீட்டு வைஃபை திறந்திருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கே மாற்றுங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டு தனி, அது அட்மின் என்று இருந்தால் அதையும் மாற்றுங்கள். செட்டிங்ஸில் வைஃபைக்கான பூட்டு முறை டபிள்யூபிஏ 2-க்குக் குறையாமல் இருக்கட்டும். புது ரவுட்டரில் டபிள்யூபிஏ 3 இருந்தால் இரண்டும் சேர்ந்த மோடில் வையுங்கள், பழைய போனும் பிரின்டரும் விட்டுப்போகாது. பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ், வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். வாங்குவதற்கு முன் அந்த மாடலின் பெயரோடு அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணையும் கம்பெனி வலைத்தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் பல வெர்ஷன் வரும், உள்ளே இருக்கும் சிப்பே மாறியிருக்கும். ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள், கடைசியாக எப்போது வந்தது என்று தேதி இருக்கும். இரண்டு மூன்று வருஷமாக எதுவும் வராத வெர்ஷன் என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் வாங்கினால் பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். மூன்று வருஷ வாரன்டி என்று பெட்டியில் போட்டிருக்கும், பில் இல்லாமல் அதைக் கேட்டு நிற்பது கஷ்டம். வாங்குவதற்கு முன்னால் கீழே, படிக்கட்டில், மாடி அறையில் என்று மூன்று இடத்தில் இரண்டு அலைவரிசைக்கும் சிக்னல் எண் எடுத்து எனக்கு எழுதுங்கள். வீட்டில் பழைய ரவுட்டர் ஏதாவது கிடந்தால் அதன் மாடல் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அதையே மாடியில் வைத்துச் சமாளிக்க முடியும் என்றால் உங்களுக்குக் கேபிள் செலவு மட்டும்தான்.